தூசி பிறக்கும் இடம்



விருத்தாசலம் என்றவுடன் வெளியூர் மக்களின் நினைவுக்கு வருவன இரண்டு. மணிமுத்தாற்றின் கரையிலுள்ள பழமையான கோயில் ஒன்று, பீங்கான் மற்றொன்று. அருகிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காக நிலத்தைத் தோண்டியபோது கிடைத்த வெண்களிமண், இவ்வூரில் இத்தொழில் வேரூன்றத் துணை செய்தது. பீங்கான் தொழிற்பேட்டை எழுந்தது. தொழிலை முறையாகக் கற்பிக்க ஒரு பயிலகமும் அமைந்தது. இங்கே வார்த்தெடுக்கப்பட்ட பொம்மைகள் எத்தனையோ வீடுகளின் அலமாரிகளில் வீற்றிருக்கின்றன. மின்சாரப் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளை ப்யூஸ் கட்டை முதல் தேநீர்க் கோப்பை வரை, மண்ணையும் நெருப்பையும் நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் பல. நம் வாசகர் குடும்பங்களிலும் அத்தகையோர் உண்டு. ஆகவே, இம்மாதம் அவர்கள் நாள்தோறும் கையாளும் பொருள்களைப் பற்றியும், அவற்றால் வரக்கூடிய தீங்கைத் தடுக்கும் முறைகளைப் பற்றியும் சிந்திப்போம்.

தொழிற்சாலை ஆபத்து என்றால் நம் உள்ளத்தில் முதலில் தோன்றுவது போபால். 1984ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, பூச்சிமருந்து ஆலையொன்றிலிருந்து வெளிப்பட்ட நச்சு வாயு, உறங்கிக் கொண்டிருந்த ஆயிரக்கணக்கான மக்களின் உயிரைக் குடித்தது. உலகமே அதிர்ந்தது. சட்டங்கள் திருத்தப்பட்டன. ஆனால் வேறொரு வகை ஆபத்தும் உண்டு. அதற்கு ஓசையில்லை, நெடியில்லை, புகையும் இல்லை. அது ஒரே இரவில் ஊரை வீழ்த்துவதில்லை; பத்து, பதினைந்து ஆண்டுகளில் ஒவ்வொருவராக வீழ்த்துகிறது. செய்தித்தாளில் அதற்கு இடம் கிடைப்பதும் அரிது. பீங்கான் தொழிலின் ஆபத்து பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதன் பெயர் தூசி.

பீங்கான் என்பது வெறும் களிமண் அன்று. வெண்களிமண்ணோடு, நம் நாட்டுப்புறத்தார் வெங்கச்சங்கல் என்று அழைக்கும் குவார்ட்ஸ் கல்லின் பொடியும், ஃபெல்ஸ்பார் என்னும் கனிமப் பொடியும் சேர்கின்றன. இவற்றை நீருடன் உருளை ஆலையில் இட்டு அரைத்துக் குழம்பாக்குவர். குழம்பைப் பாரிஸ் சாந்து அச்சுகளில் ஊற்றினால், அச்சு நீரை உறிஞ்சிக் கொள்ள, உருவம் கெட்டிப்படும். வெளியே எடுத்த உருவத்தில் அச்சின் ஒட்டுவரி தெரியும். அதைச் சுரண்டி மழமழப்பாக்க வேண்டும். பின்னர் சூளை, அதன் பின் கண்ணாடிபோல் மின்னும் மேற்பூச்சு, மீண்டும் சூளை. இவ்வளவு கட்டங்களிலும் நீர் இருக்கும்வரை பெரும் தொல்லை இல்லை. உலர்ந்தபின்தான் தொல்லை. மூட்டையைப் பிரித்துக் கொட்டும்போதும், காய்ந்த உருவத்தைச் சுரண்டும்போதும், தரையில் சிந்திக் காய்ந்த குழம்பைக் கூட்டிப் பெருக்கும்போதும் வெண்தூசி எழுகிறது.

கண்ணுக்குத் தெரிகின்ற தூசி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். தும்மலிலும் சளியிலும் வெளியேறும். அஞ்சத்தக்கது கண்ணுக்குத் தெரியாத தூசியே. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரான் எனப்படும். மனிதத் தலைமயிரின் பருமன் ஏறத்தாழ 50 முதல் 70 மைக்ரான். 5 மைக்ரானுக்கும் குறைந்த துகள்களோ நுரையீரலின் கடைசி அறைகள்வரை சென்றுவிடும். அங்கே கழிவை விழுங்கித் துப்புரவு செய்யும் காவல் அணுக்கள், சிலிக்காத் துகளையும் விழுங்குகின்றன; விழுங்கியபின் தாமே மடிகின்றன. துகள் மட்டும் அழியாமல் நிற்கிறது. மற்றோர் அணு வந்து அதனை விழுங்கி மடிகிறது. இந்த ஓயாத போராட்டத்தின் விளைவாக, பஞ்சுபோல் விரிந்து சுருங்க வேண்டிய நுரையீரலில் தழும்பு விழுகிறது. தழும்பு விழுந்த பகுதி மீண்டும் மூச்சுக்கு உதவாது. இதுவே சிலிக்கோசிஸ் என்னும் நோய். தூசி மிகுதியாயின் ஓரிரு ஆண்டுகளிலும், குறைவாயின் பத்து ஆண்டுகளுக்கு மேலும் அது தலைகாட்டும். தழும்பை மாற்றும் மருந்து இன்றுவரை இல்லை. வேலையை விட்டுவிட்டாலும் சிலருக்கு நோய் வளர்ந்து கொண்டே போகிறது. 1997ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, தொழிலிடங்களில் எழும் இத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் சேர்த்தது.

இந்நோய்க்கு ஒரு துணைவனும் உண்டு, அது காசநோய். சிலிக்காவினால் தளர்ந்த நுரையீரலில் காசநோய்க் கிருமி எளிதில் குடியேறும். இன்னொரு குழப்பமும் நேர்கிறது. இரண்டிற்கும் இருமல், இளைப்பு, உடல் மெலிவு ஆகிய அடையாளங்கள் பொது. எக்ஸ்ரே படத்திலும் இரண்டும் ஒன்றுபோல் தோன்றக்கூடும். ஆகவே, காசநோய் இல்லாதவருக்குக் காசநோய் மருந்து கொடுக்கப்பட்டு, மாதங்கள் கழிந்தும் குணம் காணாமல் போவதும் உண்டு. நோயாளி மீண்டும் அதே தூசிக்குத் திரும்புகிறார். நோயின் பெயர் தவறினால் அதன் காரணமும் மறைந்துவிடுகிறது. காரணம் மறைந்தால் பக்கத்து இருக்கையில் இருக்கும் தொழிலாளியைக் காப்பாற்றும் வாய்ப்பும் நழுவிவிடுகிறது.

முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இதற்கு வழி சொன்னவர் ஒருவர் உண்டு. இத்தாலி நாட்டு மருத்துவர் பெர்னார்தினோ ராமசீனி, 1700ஆம் ஆண்டில், தொழிலாளரின் நோய்களைப் பற்றித் தனி நூல் ஒன்று இயற்றினார். அவர் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கி, தொழில் செய்வோரிடமே கேட்டறிந்து எழுதியவர். மேற்பூச்சுக்காக ஈயத்தைப் பொடி செய்யும் குயவரின் கைகள் நடுங்குவதையும், நாளடைவில் அவர்கள் முடமாவதையும் அவர் குறித்துள்ளார். நோயாளியிடம் மருத்துவர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, 'நீர் செய்யும் தொழில் என்ன?' என்ற கேள்வியையும் சேர்த்துக் கொள்ள வேண்டும் என்பது அவர் தம் காலத்து மருத்துவருக்கு விடுத்த வேண்டுகோள். அந்தக் கேள்வி இன்றும் பல மருத்துவமனைகளில் கேட்கப்படுவதில்லை. கேட்காவிட்டால் நாமே சொல்ல வேண்டும். இருமலோடு மருத்துவரிடம் செல்லும் பீங்கான் தொழிலாளி, 'நான் இத்தனை ஆண்டுகளாக வெண்கல் பொடியிலும் களிமண் தூசியிலும் வேலை செய்கிறேன்' என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லட்டும். கணவன் சொல்லத் தயங்கினால் மனைவி சொல்லட்டும்.

இத்தூசியால் விளையும் கேட்டுக்கு நம் நாடு கண்ட கொடிய சான்று ஒன்று உண்டு. பீங்கானுக்கும் கண்ணாடிக்கும் வேண்டிய வெங்கச்சங்கல்லைப் பொடியாக்கும் ஆலைகள் குஜராத் மாநிலத்தின் கோத்ரா வட்டாரத்தில் இருந்தன. மத்தியப் பிரதேசத்தின் அலிராஜ்பூர், ஜாபுவா, தார் மாவட்டங்களிலிருந்து பழங்குடி மக்கள் அங்கே கூலிக்குச் சென்றனர். கல்லை உலர்வாகவே நொறுக்கினர். சென்றவர்களுள் பலர் இளைஞர்; திரும்பி வந்தபோது படியேறவும் மூச்சில்லாதவர்களாய்த் திரும்பினர். சில மாதங்களே அவ்வேலையில் இருந்தவர்களும் இறந்தனர். இறந்த 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 இலட்சம் ரூபாய் வழங்குமாறு தேசிய மனித உரிமை ஆணையம் 2010ஆம் ஆண்டில் குஜராத் அரசுக்குப் பரிந்துரைத்தது. 2016ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதனைக் கொடுத்தே தீர வேண்டுமென்று ஆணையிட்டது. நீதி கிடைத்தது என்று சொல்லலாம். ஆனால் அந்த 238 பேரில் ஒருவரேனும் அந்தப் பணத்தைத் தம் கையால் எண்ணவில்லை.

இவ்வளவையும் அறிந்தபின் ஒரு கேள்வி எழுகிறது. இது தவிர்க்க முடியாத கேடா? தொழில் என்றால் இப்படித்தான் என்று ஏற்றுக்கொள்ள வேண்டியதா? இல்லை என்பதற்குச் சான்று இத்தொழிலின் வரலாற்றிலேயே இருக்கிறது. இங்கிலாந்தின் பீங்கான் வட்டாரமாகிய ஸ்டாஃபர்டுஷயரில், களிமண்ணோடு கலக்கும் தீக்கல்லை உலர்வாக அரைத்தவர்கள் மாண்டு கொண்டே இருந்தனர். 1726ஆம் ஆண்டில் தாமஸ் பென்சன் என்பவர், அக்கல்லை நீருடன் சேர்த்து அரைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். தூசியினால் தொழிலாளர் இறப்பதைத் தடுப்பதே தம் முறையின் பயன் என்பதையும் அவர் எடுத்துக் காட்டினார். நம் ஊர் உருளை ஆலைகளில் இன்று நீருடன் அரைப்பது, அந்த எண்ணத்தின் வழிவந்ததே. ஆக, மருந்து புதியதன்று. விலை உயர்ந்ததும் அன்று. அது தண்ணீர். அரைக்கும் இடத்தில் அதைப் பயன்படுத்தும் நாம், சுரண்டும் இடத்திலும் பெருக்கும் இடத்திலும் மறந்துவிடுகிறோம்.

அன்பு வாசகர்களே, தொழிலிடப் பாதுகாப்பு என்றவுடன் நம்மில் பலர் நினைப்பது முகமூடியைத்தான். முதலாளி ஒரு பெட்டி முகமூடி வாங்கி வைத்துவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணுகிறார். தொழிலாளியோ ஒரு துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு பாதுகாப்பாக இருப்பதாக நம்புகிறார். இரண்டும் பிழை. துண்டும் கைக்குட்டையும் நாம் அஞ்ச வேண்டிய நுண்தூசியைத் தடுப்பதில்லை. கண்ணுக்குத் தெரியும் தூசியை மட்டும் தடுத்து, ஆபத்து நீங்கிவிட்டது என்ற பொய்யான நிம்மதியைத் தருகின்றன. என் 95 போன்ற தரம் குறித்த முகமூடிகள் நுண்துகளையும் பெரும்பாலும் வடிகட்டும். ஆனால் அவை முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தினால்தான். தாடி இருந்தாலோ, பட்டை தளர்ந்தாலோ, சூளை வெப்பத்தில் வியர்த்துக் கழுத்துக்கு இறக்கிவிட்டாலோ, பயன் இல்லை. எட்டு மணி நேரம் வெப்பத்தில் அதை அணிந்து உழைத்துப் பார்த்தவர், தொழிலாளி ஏன் கழற்றுகிறான் என்று கோபிக்க மாட்டார்.

எனவேதான் இத்துறை வல்லுநர்கள் பாதுகாப்புக்கு ஒரு வரிசை வகுத்துள்ளனர். முதலாவது, தீய பொருளையே நீக்கு. அல்லது அதற்குப் பதிலாகத் தீங்கு குறைந்ததை வை. இரண்டாவது, நீக்க இயலாதாயின், அது பிறக்கும் இடத்திலேயே அடக்கு. நனை, மூடு, உறிஞ்சி வெளியேற்று. மூன்றாவது, வேலை முறையை ஒழுங்கு செய். எவ்வளவு நேரம், எத்தனை பேர், எந்த இடம் என்று வரையறு. நான்காவதும் கடைசியுமானதே முகமூடி. முதல் மூன்றையும் விட்டுவிட்டு நான்காவதை மட்டும் செய்வது, கூரை ஒழுகும் வீட்டில் கூரையை வேயாமல் பிள்ளைகளுக்குக் குடை வாங்கிக் கொடுப்பது போன்றது.

முதல் படியின் பயனை உலகம் பல முறை கண்டிருக்கிறது. மேற்பூச்சு பளபளக்க ஈயம் சேர்க்கும் வழக்கம் மிகப் பழையது. இங்கிலாந்துப் பீங்கான் பட்டறைகளில் 1890களில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோர் ஈய நஞ்சினால் நோயுற்றனர். ஈயம் இல்லாத பூச்சு, அல்லது ஈயம் எளிதில் கரையாதபடி முன்னரே உருக்கிக் கண்ணாடியாக்கிய பூச்சு, இவை மட்டுமே பயன்பட வேண்டும் என்று 1947ஆம் ஆண்டின் விதிகள் கட்டாயப்படுத்தின. எந்த முகமூடியும் சாதிக்க முடியாததை அந்தப் பொருள் மாற்றம் சாதித்தது. அண்மையில் ஆஸ்திரேலியா, சமையலறை மேடைக்குப் பயன்படும் செயற்கைக் கல் பலகையை 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளிலிருந்து நாடு முழுவதும் தடை செய்தது. அப்பலகையில் சிலிக்கா மிகுதி; அதை அறுத்த இளம் தொழிலாளர் நோயுற்றது கண்டே அத்தடை வந்தது. ஆதலால், மேற்பூச்சு வாங்கும் பட்டறை உரிமையாளர் விலையை மட்டும் கேளாமல், 'இதில் ஈயம் உண்டா?' என்று கேட்பது, பல ஆயிரம் ரூபாய் செலவிடுவதைவிடப் பெரிய பாதுகாப்பு.

இரண்டாம் படியில்தான் நம் ஊர்ப் பட்டறைகள் மிகுதியாகச் செய்யக்கூடியது இருக்கிறது. வார்த்தெடுத்த உருவத்தை முழுதும் காயவிட்டுப் பின் சுரண்டுவதற்குப் பதிலாக, தோல் போன்ற பதத்தில், ஈரம் இருக்கும்போதே ஒட்டுவரியைச் சீவிவிட்டு, நனைந்த பஞ்சுறிஞ்சியால் துடைக்கலாம். காய்ந்தபின் சுரண்டியே ஆகவேண்டிய வேலைக்கு, தூசியை மூக்குக்கு எதிர்த்திசையில் இழுத்துச் செல்லும் உறிஞ்சுக் குழாயை மேசையிலேயே பொருத்தலாம். தலைக்கு மேல் சுழலும் மின்விசிறி இங்கே நண்பன் அன்று. அது தூசியை அறை முழுவதும் பரப்பும். தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல், தண்ணீர் விட்டுக் கழுவியோ ஈரத்துணியால் துடைத்தோ தூய்மை செய்யலாம். உடையில் படிந்த தூசியைக் காற்றுக் குழாயால் ஊதித் தட்டும் பழக்கத்தை அடியோடு விட வேண்டும். பூச்சைப் பீய்ச்சித் தெளிக்கும் வேலை, காற்றை வெளியே இழுக்கும் தனிக்கூண்டிற்குள் நடக்க வேண்டும்.

இங்கே ஓர் உண்மையை மறைப்பது அழகன்று. கூலி உருப்படிக் கணக்கில் கொடுக்கப்படும் இடத்தில், நனைப்பதற்கும் துடைப்பதற்கும் ஆகும் நேரத்திற்குக் கூலி இல்லை. 'ஈரத்தில் சீவு' என்று சொல்லிவிட்டு, நூறு பொம்மைக்கு இவ்வளவு என்று மட்டும் கணக்கிட்டால், தொழிலாளி தன் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை எண்ணி வேகமான வழியைத்தான் தேர்ந்தெடுப்பாள். பாதுகாப்பு வேண்டுமென்று மனமார விரும்பும் முதலாளி, அதற்குச் செல்லும் நேரத்தையும் வேலை நேரமாகவே மதித்துக் கூலி தரட்டும். அப்பொழுது மேற்பார்வையே வேண்டியதில்லை.

சூளையைப் பற்றியும் ஒரு சொல். காற்றோட்டமற்ற கொட்டகையில் எரிபொருள் முழுமையாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டாகும். அதற்கு நிறமும் மணமும் இல்லை. தலைவலியும் மயக்கமும்தான் அதன் முன்னறிவிப்பு. மழைக்காலத்தில் குளிருக்கு ஒதுங்கிச் சூளை அருகே கதவடைத்து உறங்குவது உயிருக்கு உலை வைக்கும். மேலும், பழைய சூளையின் உட்சுவரை உடைத்துப் புதுப்பிக்கும் நாளில் எழும் தூசி சாதாரணத் தூசி அன்று. நெடுங்காலம் கடும் வெப்பத்தில் வெந்த செங்கல்லிலும் வெப்பப் பஞ்சிலும் சிலிக்கா, கிறிஸ்டோபலைட் என்னும் வேறு வடிவம் பெற்றிருக்கக்கூடும். அதுவும் நுரையீரலுக்குக் கொடியதே. அந்நாளில் நன்றாக நனைத்த பின்னரே உடைக்க வேண்டும். வேலையில் தொடர்பில்லாதவர் அங்கே நிற்கக் கூடாது.

இனி, பட்டறையிலிருந்து வீட்டிற்கு வருவோம். நச்சுப் பொருள் பட்டறை வாயிலோடு நின்றுவிடுவதில்லை; தொழிலாளியின் சட்டையிலும் சேலையிலும் ஏறி வீட்டிற்கு வருகிறது. ஈயத்தைப் பொறுத்தவரை, பெரியவரைவிடக் குழந்தையே மிகுதியாகப் பாதிக்கப்படுகிறது. குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்காத பாதுகாப்பான ஈய அளவு எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். வேலை முடிந்து திரும்பிய தந்தை, ஓடி வரும் குழந்தையை அள்ளி அணைப்பது இயல்பு. அந்த அணைப்பிற்கு முன், வேலை உடையைப் பட்டறையிலேயே மாற்றி, கை முகம் கழுவி வருவதும் அன்பின் ஒரு பகுதியே. வேலை உடையை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம், உதறவும் வேண்டாம். பூச்சு பட்ட கையோடு உண்பதும், பீடி பிடிப்பதும், வெற்றிலை போடுவதும் நஞ்சை நேராக வாய்க்கு அனுப்புவதாகும்.

வெள்ளைப் பொடிகள் எல்லாம் பார்வைக்கு ஒன்றே. பீங்கான் தொழிலில் சிலவிடங்களில் பயன்படும் பேரியம் கார்பனேட், பார்ப்பதற்கு மாவு போலவே இருக்கும். ஆனால் அது எலிகளைக் கொல்லப் பயன்பட்ட நஞ்சு. ஆதலால் பெயர் எழுதாத மூட்டையோ டப்பாவோ பட்டறையில் இருத்தல் ஆகாது. பூச்சுக் குழம்பையும் அமிலத்தையும் குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைக்கும் வழக்கம் எங்கேனும் இருந்தால், இன்றே அது ஒழிய வேண்டும். பெயர் தமிழில் எழுதப்படட்டும். எழுத்தறியாதவருக்காக அபாயக் குறியும் இடப்படட்டும். ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் அதனை விற்பவர் தரும் பாதுகாப்புத் தகவல் தாள் உண்டு. அது 16 பகுதிகள் கொண்டது. பொருளின் தன்மை, தீங்கு, முதலுதவி, சேமிப்பு முறை முதலியன அதில் அடங்கும். அதனைக் கேட்டு வாங்கி, படிக்கத் தெரிந்த ஒருவர் மற்றவர்க்குத் தமிழில் விளக்கிச் சொல்வது ஒரு மணி நேர வேலை.

சட்டம் என்ன சொல்கிறது என்று சிலர் வினவலாம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், போபால் நிகழ்ச்சிக்குப் பின் 1987இல் திருத்தப்பட்டது. தாம் கையாளும் பொருள்களின் ஆபத்தைத் தொழிலாளருக்கு அறிவித்தல், தொழிலாளரும் அங்கம் வகிக்கும் பாதுகாப்புக் குழு, உடனடி ஆபத்து உண்டெனில் அதனை எடுத்துரைக்கும் உரிமை ஆகியவை அப்பொழுது சேர்ந்தன. 2020ஆம் ஆண்டில் நிறைவேறிய தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் பற்றிய தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்து, பழைய சட்டத்தின் இடத்தை எடுத்துக்கொண்டது. இக்கடமைகளின் சாரம் அதிலும் நிற்கிறது. சிலிக்கோசிசும் ஈய நஞ்சும் அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மின்விசையால் இயங்கும் பட்டறையில் 10 பேர் இருந்தாலே தொழிற்சாலை எனக் கருதியது பழைய சட்டம். புதிய தொகுப்பில் அவ்வெண்ணிக்கை 20 ஆகிவிட்டது. நம் ஊரின் சிறு பட்டறைகள் பல இந்த எண்ணிக்கைக்குள் வாரா. சட்டம் தலைகளை எண்ணுகிறது, தூசியோ எண்ணுவதில்லை. எட்டுப் பேர் வேலை செய்யும் கொட்டகையிலும் அது நுரையீரலைத் தேடிச் செல்லும். எனவே சட்டம் முடிகிற இடத்தில் மனச்சான்று தொடர வேண்டியிருக்கிறது.

பழைய ஏற்பாட்டின் இணைச்சட்ட நூலில் ஓர் அரிய கட்டளை உண்டு. புது வீடு கட்டுகிறவன் மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். எழுப்பாமல் விட்டு ஒருவன் விழுந்து மடிந்தால், அந்தப் பழி வீட்டின் மேலேயே வரும் என்பது அதன் கருத்து. 'நீ பார்த்து நட' என்று விருந்தினனை எச்சரிப்பதோடு வீட்டுக்காரனின் கடமை முடியவில்லை. சுவரை அவன்தான் கட்ட வேண்டும். உடல்நலத்தைக் கெடுக்காத பணிச்சூழல் தொழிலாளியின் உரிமைகளுள் ஒன்று என்பதைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், மனித உழைப்பைப் பற்றி 1981ஆம் ஆண்டில் எழுதிய சுற்றுமடலில் தெளிவுபடுத்தினார். ஆகவே பாதுகாப்பு என்பது முதலாளி இரங்கி இடும் தருமம் அன்று, அது நீதி.

சிறு பட்டறை உரிமையாளரின் இக்கட்டும் நமக்குத் தெரியாததன்று. வடநாட்டுக் குர்ஜாவும் மோர்பியும் போட்டிக்கு நிற்கின்றன, எரிபொருள் விலை ஏறுகிறது, இலாபம் மெலிந்திருக்கிறது. அவரும் பெரும்பாலும் அதே தூசியில் நின்றே உழைக்கிறார். ஆனால் மேலே சொன்னவற்றுள் பெரும்பகுதிக்குச் செலவு மிகக் குறைவு. ஈரத்தில் சீவுதல், துடைப்பத்தை நிறுத்துதல், பெயர் எழுதுதல், கை கழுவ ஓர் இடம், உடை மாற்ற ஓர் அறை ஆகியவற்றைத் தொடங்க வங்கிக் கடன் தேவையில்லை. உறிஞ்சுக் குழாய்க்குச் செலவுண்டு. அதனை நாலு பட்டறைகள் சேர்ந்து திட்டமிடலாம். பீங்கான் நுட்பம் கற்பிக்கும் பயிலகம் நம் ஊரிலேயே இருக்கும்போது, ஆலோசனைக்கு வெளியூர் செல்ல வேண்டியதும் இல்லை. வெள்ளம் வருமுன் அணை போடு என்பது நம் முன்னோர் வாக்கு.

தொழிலாளத் தோழர்களுக்கும் ஒரு சொல். 'இருபது ஆண்டாக இதில்தான் இருக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை' என்று பெருமையாகச் சொல்லாதீர்கள். இந்நோய் முதலில் ஓசையின்றியே வளரும். மூச்சு வாங்கத் தொடங்கும்போது நுரையீரலில் பெரும்பங்கு சேதமடைந்திருக்கும். ஆண்டுக்கொரு முறை மார்பு எக்ஸ்ரேயும் மூச்சுச் சோதனையும் செய்துகொள்ளுங்கள். படங்களைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். ஈ.எஸ்.ஐ. காப்பீடு உள்ளவர், தொழிலால் வரும் நோய்க்கும் அதில் வழி உண்டு என்பதை அறிந்திருங்கள். புகைபிடிப்போர் அதனை விடுங்கள். ஒரே நுரையீரலுக்கு இரண்டு பகைவர் வேண்டாம்.

இம்மாதம் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு மாலை வேளையில், உழைத்துவிட்டு வீடு திரும்பியவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இன்று நீங்கள் பிரித்த மூட்டையில் இருந்தது என்ன? அதன் தூசி எங்கே எழுந்தது? அது எழும் இடத்திலேயே அதை அடக்க அங்கே என்ன செய்திருக்கிறார்கள்? விடை தெரியாவிட்டால், மறுநாள் பட்டறையில் கேட்டு வரச் சொல்லுங்கள். பட்டறை உரிமையாளரின் வீட்டிலும் இதே கேள்விகள் எழட்டும். மண்ணைப் பிசைந்து அழகிய உருவம் தரும் கைகள் நம் ஊருக்குச் சோறு போடும் கைகள். அந்தக் கைகளுக்கு உரியவர்கள், பேரப்பிள்ளைகளைத் தூக்கிக் கொண்டு மூச்சு வாங்காமல் படியேறும் முதுமையைக் காண வேண்டும்.